வட்டப் பாதைக் கணக்கும் உன் ஞாயிற்றுக்கிழமைகளும்

இன்று காலை மைதானத்தில் நடந்துகொண்டிருந்தபோது சிவப்பு டீ-ஷர்ட் போட்ட பெண் ஒருத்தி என்னைத் தாண்டி ஓடினாள். மறுபடி எப்போது தாண்டுவாள் என்று மனம் தானாகவே கணக்குப் போட ஆரம்பித்தது. அவள் வேகத்திலிருந்து என் வேகத்தைக் கழி, வட்டத்தின் நீளத்தை அதனால் வகு. விடை வருவதற்குள் நினைவில் நீ வந்துவிட்டாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருந்த கோச்சிங் சென்டரில் வங்கித் தேர்வுக்குப் படித்தோம். நான் டீச்சர் வீட்டுப் பெண், மிஷன் பள்ளியில் கணக்கில் எப்போதும் முதல். நீ உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, முகத்தைத் துடைத்தபடி என் பக்கத்தில் உட்காருவாய். நான் சூத்திரம் எழுதி முடிப்பதற்குள் பேனாவைத் தொடாமலே விடை சொல்லிவிடுவாய். எப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு பேரும் ஓடுனாத்தான குழப்பம்? மெதுவா ஓடுறவள நிக்க வச்சுரு. மத்தவ மிச்ச வேகத்துல சுத்தி வரட்டும். இம்புட்டுத்தான்டி."

சிரித்தேன். உள்ளே எரிந்தது.

உன் அண்ணன் கல்யாணத்துக்காக நீ மூன்று நாள் வரவில்லை. வட்டத்தில் ஓடும் இருவர் புறப்பட்ட இடத்திலேயே மறுபடி எப்போது சந்திப்பார்கள் என்பதை சார் அப்போதுதான் எல்சிஎம் வைத்து நடத்தினார். திரும்பி வந்து, "என்ன நடத்துனாக?" என்று கேட்டாய். "புதுசா ஒண்ணும் இல்ல, பழசுதான்" என்றேன்.

அன்றைக்கே சார் உன்னைப் போர்டுக்கு அழைத்தார். அறுநூறு மீட்டர் வட்டம், ஒருத்தி நொடிக்கு ஐந்து மீட்டர், இன்னொருத்தி மூன்று, ஒரே திசை; புறப்பட்ட இடத்தில் மறுபடி எப்போது சேருவார்கள்? நீ தடுமாறுவதைப் பார்க்க நான் காத்திருந்தேன். நீ ஒரு வட்டம் போட்டாய். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாய். "முந்நூறு செகண்டுல வேகமா ஓடுறவ மத்தவளப் பிடிச்சிருவா சார். அந்த இடம் புறப்பட்ட இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். இன்னொரு முந்நூறு செகண்டு ஓடுனா புறப்பட்ட இடத்துக்கே வந்துருவாக. மொத்தம் அறுநூறு." எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வந்து உட்கார்ந்தவள், திறந்து கிடந்த என் நோட்டைப் பார்த்தாய். அதில் எல்சிஎம் என்று சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருந்தேன். டிபன் பாக்ஸைத் திறந்து கல்யாண வீட்டு அதிரசத்தை என் பக்கம் நகர்த்தினாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தேர்வில் நீ தேறினாய், நான் தோற்றேன். திருமங்கலத்தில் வேலை கிடைத்த பிறகும் ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தாய். நாலு மாதம். "யார்கிட்டயும் சொல்லிறாத" என்று கேட்டுக்கொண்டேன். "நான் ஏன்டி சொல்லப் போறேன்?" என்றாய். வீட்டில்கூட, நாம் ஊர்க்கதை பேசுவதாகத்தான் நினைத்தார்கள். அடுத்த தேர்வில் தேறினேன். தனியாகவே படித்ததாக எல்லாரிடமும் சொன்னேன், பிற்பாடு என் கணவரிடமும்.

புற்றுநோய் எட்டே மாதத்தில் உன்னைக் கொண்டுபோனது. உன் வீட்டு வாசலில் உன்னோடு வேலை பார்த்த ஒரு பெண் தேம்பிக்கொண்டிருந்தாள். "எனக்குக் கணக்கே வராதுக்கா. ஆபீசர் பரீட்சைக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வீடு தேடி வந்து அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை என்றதும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. இத்தனை வருஷம் உன்மேல் இருந்த பொறாமை அந்த நொடியில் அவள்மேல் தாவியது. அந்த நாள் எனக்கு மட்டுமானது என்றல்லவா நினைத்திருந்தேன்! நீ உள்ளே கிடக்கிறாய், நான் வாசலில் நின்று, "நானும் அவளும் ஒண்ணாப் படிச்சவங்க, ரொம்ப நெருக்கம்" என்று அவளிடம் அழுத்திச் சொல்கிறேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியாக்கா? உங்களப் பத்தி ஒண்ணும் சொன்னதில்லையே" என்றாள்.

சொல்ல மாட்டாய். கேட்டுக்கொண்டவள் நான்தானே.

ஒரு வருஷமாக அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. இன்று மைதானத்திலிருந்து வந்ததும் முதலில் என் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். பிறகு உன் வீட்டு வாசலில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு, அன்று வாங்கி வைத்திருந்த எண்ணில் போன் செய்து, அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்: நோட்டு, பொய், அதிரசம், நீ வந்த ஞாயிறுகள். கடைசியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்களுக்கு எத்தன மாசம் வந்தாங்கக்கா?"

"நாலு."

"எனக்கு ரெண்டு மாசந்தான்" என்றாள். அந்தக் குரலில் இருந்தது என்னவென்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

உன்னிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது? எனக்குச் சந்தோஷமாக இருந்ததடி.