மில் நின்ற ஞாயிற்றுக்கிழமை

குமாரபாளையம்
5-2-1939

சிரஞ்சீவி தீர்த்தகிரிக்கு அப்பா காளியண்ணன் ஆசீர்வாதம். இங்கே நாங்கள் சுகம். கொழும்பில் உன் சுகத்துக்கு எழுது.

நீ சர்க்கார் அனுமதி வாங்கி, உன் அறையிலிருந்தே சென்னைச் சிநேகிதனோடு ரேடியோவில் பேசுவதை நாங்களும் கேட்கலாம் என்றாயே, அதை நம்பி ஒரு பெட்டி வாங்கினேன். தெருவில் மேட்டூர் கரண்ட் ஏறிய முதல் வீடு நம்முடையது. பாட்டரிப் பெட்டியெல்லாம் பட்டிக்காட்டானுக்கு என்று கடைக்காரரிடம் மீசையை முறுக்கிவிட்டு, கரண்டில் ஓடுவதையே எடுத்துவந்தேன். பெட்டியின் முள்ளை நீ சொன்ன இடத்தில் வைத்தால், வாணலியில் கடுகு பொரிகிற சத்தம். உன்னைக் காணோம்.

அம்மாவுக்குத்தான் ஏமாற்றம். உன் கடிதத்தைப் படித்துக் காட்டும்போதெல்லாம், "ஏனுங்க, இதுல என்ற பையன் கொரலு எங்கீங்க? எல்லாம் உங்க கொரலாத்தான இருக்குது" என்கிறாள். நீ போன ஆறு வருஷமாக என் தொண்டையைத்தான் கேட்கிறாள், பாவம்.

அப்பா
காளியண்ணன்

கொழும்பு
17-2-1939

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம்.

பக்கத்து அரிசி மில் மோட்டாரில் பொறி தட்டுகிறது போலும். அந்த இரைச்சல் கரண்ட் கம்பி வழியாகவே பெட்டிக்குள் வருகிறது. கரண்டை விட்டுப் பிரிந்தால் பாதி குறையும். மீதி காற்றிலேயே வரும். அது மில் நின்றால்தான் போகும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பேசுவேன். உங்களைக் கூப்பிட்டுப் பேச எனக்கு அனுமதியில்லை. சிநேகிதனோடு பேசுவதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சௌக்கியம்.

தங்கள் மகன்
தீர்த்தகிரி

குமாரபாளையம்
20-3-1939

சிரஞ்சீவி தீர்த்தகிரிக்கு ஆசீர்வாதம்.

நீ சொன்னபடி கரண்டை விட்டுப் பிரிந்தேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். இரைச்சல் சுத்தமாக நின்றது. பெட்டியும் நின்றது. அம்மா சிரித்தது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். மறுநாளே மீசையை இறக்கிக்கொண்டு போய், பாட்டரிப் பெட்டியாக மாற்றி வந்தேன்.

பிறகு மில்லுக்குப் போனேன். முதலாளி வீரபாகு, "நெல்லு மலையாட்டம் கெடக்குது. உங்க பையன் பேசறதுக்கு மில்ல நிறுத்தோணுமாங்க?" என்றார்.

"பையனுக்கு இல்லீங்க. அவங்கம்மா காதுக்கு" என்றேன்.

நேற்று ஐந்து மணிக்கு மில்லை நிறுத்திவிட்டு அவரே வந்து உட்கார்ந்தார், மூட்டைக்காரர்களோடு. நீ ஏதோ கம்பி, ஏதோ வால்வு என்று பேசினாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டாள். முடிந்ததும், "சௌக்கியம்னு எழுதறான். நெஞ்சுச் சளி இருமறான். மொளகுக் கசாயம் வெச்சுக் குடிக்கச் சொல்லுங்க" என்றாள். அத்தனை கடிதம் படித்தும் எனக்கு அந்த இருமல் கேட்கவில்லையே, சாமி.

வீரபாகுவுக்கு நன்றி சொன்னால், "அடுத்த ஞாயிறும் நிறுத்தறனுங்க" என்கிறார். நீயும் அவருக்கு இரண்டு வரி எழுது.

அப்பா

கொழும்பு
14-9-1939

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம்.

யுத்தம் வந்துவிட்டதால் எங்களைப் போன்றவர்கள் ரேடியோவில் பேசக் கூடாதென்று உத்தரவு. கருவிகளை ஒப்படைத்துவிட்டேன். எத்தனை காலத்துக்கோ தெரியாது. அம்மாவிடம் எப்படிச் சொல்லப்போகிறீர்களோ. இருமல் உண்மையிலேயே நின்றுவிட்டது. வீரபாகு மாமாவுக்கு என் வணக்கம்.

தீர்த்தகிரி

குமாரபாளையம்
25-9-1939

சிரஞ்சீவி தீர்த்தகிரிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை ஒளிக்காமல் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ரேடியோப் பெட்டியைத் துணி போட்டு மூடினாள். பிறகு, "இன்னொருக்காப் படிங்க. வெரசாப் படிக்காதீங்க. 'அம்மா'ங்கற எடத்துல கொஞ்சம் இழுங்க, அவன் அப்படித்தான் சொல்லுவான்" என்றாள். படித்தேன்.

"இப்ப யாரு கொரலு கேக்குது?" என்று கேட்டேன்.

"உங்க கொரலு அந்த மில்லு இரைச்சலாட்டங்க. அதுக்குப் பொறகால அவன் பேசறது நல்லாவே கேக்குது."

ஆகவே நிறைய எழுது, சாமி. இரைச்சலுக்கு நான் இருக்கிறேன்.

அப்பா
காளியண்ணன்