சக்களத்தி தந்த இயந்திரம்

அவெலி கிராமம்
12 பிப்ரவரி 1984

லோமே பெரிய சந்தையின் துணிச் சீமாட்டி எஸ்ஸி அம்மையாருக்கு,

அப்லாவி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. நீ பென்ஸ் காரில் வந்து இறங்கும் அழகை லாரிக்கார ஃபோலி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

பதினொரு வருடம் கழித்து உன் முதல் கடிதம் வந்தது. ஊர்ப் பெண்களுக்கு மரவள்ளி துருவும் இயந்திரம் வாங்கித் தருகிறாயாம். பிழிவதற்கு ஒரு பொறி, பிழிந்த மாவைக் காரியாக வறுக்கப் புது அடுப்பு, மேலே கொட்டகை, எல்லாம் உன் செலவாம். பெண்கள் சங்கத்தில் படித்துக் காட்டினேன். நாற்பது பேரும் எழுந்து ஆடாத குறைதான். வாயே திறக்காத அமேலேகூடத் தன் கையைத் தூக்கிக் காட்டினாள். தகரத்தில் துருவித் துருவி அவள் விரல் நுனியில் ரேகையே இல்லை. "இனிமே உன் கைக்கு லீவுடி" என்றாள் டோவி.

எனக்கு மட்டும் ஆட்டம் வரவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நீ யார்? என் புருஷன் கொமிக்கு இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒரு விடியற்காலையில் மூன்று வயதுப் பிள்ளையை என் பாயில் கிடத்திவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் லாரி ஏறியவள். அந்தப் பிள்ளைக்குத் தட்டம்மை வந்தபோது நீ இல்லை. கொமி செத்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. சந்தையில் வாயாடி வியாபாரம் செய்கிறாள். இப்போது பார்த்து உனக்கு ஊர்ப் பெண்கள்மேல் பாசம் பொங்குகிறது!

டெலாலி என்னைத்தான் அம்மா என்கிறாள். வேறு ஒருத்தி இருப்பதே அவளுக்குத் தெரியாது. என் வாய்க்குப் பயந்து ஊரே வாய் மூடியிருக்கிறது. உன் இயந்திரத்தோடு அந்தச் செய்தியும் வந்து இறங்குமானால் இரண்டையும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அப்லாவி


லோமே
27 பிப்ரவரி 1984

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் திட்டு அப்படியே இருக்கிறது, காரம் கொஞ்சமும் குறையவில்லை. சந்தோஷம்.

இயந்திரம் பெண்கள் சங்கத்துக்கு. சாவி உன் இடுப்பில் இருக்க வேண்டும். கொமியின் தம்பி ஆகோ கைக்கு அது போனதாகக் காதில் விழுந்தால், ஆளனுப்பிக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லிவிடுவேன். "பொம்பளைங்களுக்கு எதுக்கு எஞ்சினு, நான் பாத்துக்கறேன்" என்று கட்டாயம் வருவான். இதற்கு முன் வேறு மூன்று ஊர்ப் பெண்களுக்குக் கொடுத்திருக்கிறேன். ஓர் ஊரில் தலைவரின் மகன் தன் வீட்டுக் கொல்லைக்கே தூக்கிப் போய், துருவ வந்த பெண்களிடம் கூலி கேட்டான். என்னை நீ நம்பவில்லை, சரி. நானும் யாரையும் நம்புவதில்லை.

இன்னொன்று. வருடம் ஒரு பெண்ணை அனுப்புங்கள். என் வீட்டில் தங்கிக் கடையில் தொழில் பழகட்டும். காரி வறுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அதற்கு விலை சொல்லத் தெரிய வேண்டும். யாரை அனுப்புவது என்று சங்கம் முடிவு செய்யட்டும்.

உன் தங்கை
எஸ்ஸி


அவெலி
2 மே 1984

எஸ்ஸிக்கு,

இயந்திரம் வந்தது, ஓடுகிறது. மூன்று நாள் வேலை ஒரு காலையில் முடிகிறது. இதை மறைத்தால் என் நாக்கு அழுகிப் போகும்.

ஆகோ வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு திறப்பு விழாவுக்கு வந்தான். "அண்ணி, சாவிய எங்கிட்ட குடுங்க, திருடன் கிருடன் வந்துடப் போறான்" என்றான். "அவன்தான் தொப்பி போட்டுக்கிட்டு வந்தாச்சே!" என்றாள் டோவி. எல்லோரும் சிரித்த சிரிப்பில் அவன் போன வழி தெரியவில்லை.

அதெல்லாம் சரி. பிழிபொறி எங்கே? துருவிய மாவைச் சாக்கில் கட்டி இன்னமும் கல்லைத்தான் தூக்கி வைக்கிறோம். பாதியைக் கொடுத்துவிட்டுப் பாதியைக் கையில் வைத்துக்கொள்வது எதற்கு? எனக்குத் தெரியாதா?

சீருடைக்கு என்று துணிக்கட்டு அனுப்பியிருக்கிறாய். பிரித்தால் 'சக்களத்தி கண்'! லோமேச் சீமாட்டிகள் எந்தத் துணிக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள், எதைக் கட்டினால் யாரைக் குத்துவது என்று இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். சந்தையில் வேறு துணியே இல்லையா? இப்போது நாற்பது பேர் உடம்பிலிருந்தும் உன் கண் என்னை முறைக்கிறது.

அப்புறம் அந்தப் பெண் விஷயம். இயந்திரம் தூண்டில் புழு. மீன் யார் என்று நீ சொல்லவே வேண்டாம். ஒருத்தியையும் அனுப்பக் கூடாது என்று சங்கத்தில் எழுந்து சொன்னேன். டோவி சீறிவிட்டாள். "ஒங்க சக்களத்திச் சண்டைய எங்க வயித்துல வச்சு நடத்தாத அக்கா. எங்க புள்ளைங்களும் நாலு காசு பாக்கட்டும்." ஒருத்திகூட எனக்காகப் பேசவில்லை.

அப்லாவி


லோமே
19 மே 1984

அக்காவுக்கு,

பிழிபொறி துறைமுகத்தில் கிடக்கிறது. அதிகாரி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், நான் கொடுக்கமாட்டேன் என்று நிற்கிறேன். இதுதான் ரகசியம்.

'சக்களத்தி கண்' இந்த வருடம் நன்றாகப் போகிற துணி. கிடங்கில் நிறைய இருந்தது, அனுப்பினேன். எல்லாத் துணியும் உன்னைப் பார்த்தே பேசுவதாக நினைக்காதே.

டெலாலியை அனுப்பு என்று நான் எழுதினேனா? யாரையும் அனுப்பப் பிடிக்கவில்லை என்றால் சொல். அந்த இடத்தைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

எஸ்ஸி


அவெலி
30 ஜூன் 1984

எஸ்ஸிக்கு,

சங்கம் டெலாலியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. வியாழக்கிழமை ஃபோலியின் லாரியில் வருகிறாள். நீ கேட்டது கிடைத்துவிட்டது, போதுமா?

நீ யார் என்று அவளிடம் சொல்லக் கூடாது. உன்னை அத்தை என்றே கூப்பிடுவாள். மற்றதை உன் மனசாட்சி பார்த்துக்கொள்ளட்டும்.

அப்லாவி


லோமே
8 செப்டம்பர் 1984

அக்காவுக்கு,

பிழிபொறியை ஒரு வழியாக மீட்டுப் போன வாரம் லாரியில் ஏற்றிவிட்டேன். இந்நேரம் வந்திருக்கும். கல் தூக்குவதை நிறுத்துங்கள்.

நீ அனுப்பிய பெண்ணைப் பற்றி எழுத வேண்டும். நல்ல பெண். துணியைத் தொட்டே எது அசல், எது போலி என்று சொல்கிறாள். வாடிக்கையாளர் எரிச்சலாகப் பேசினாலும் முகம் சுளிப்பதில்லை. அவள் டெலாலி இல்லை.

லாரியிலிருந்து இறங்கியதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. அடி வயிற்றில் ஒன்றும் அசையவில்லை அக்கா. ஆனால் பதினொரு வருடத்துக்கு முன் விட்டுப் போனவளுக்கு வயிறு மட்டும் எப்படி அசையும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். நாலாம் நாள் சாப்பிடும்போது, "எங்கம்மா யாரையும் அதட்டிக்கூடப் பேச மாட்டாங்க அத்தை" என்றாள். அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? உன்னையா அப்படிச் சொல்வார்கள்! மெதுவாகக் கேட்டேன். அழுதுவிட்டாள். அமேலேயின் மகள் அகோஃபா என்றாள். அவளைத் திட்டாதே, நீ சொல்லிக்கொடுத்ததை அவளால் முடிந்தவரை காப்பாற்றினாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிழிபொறி துறைமுகத்திலேயே துருப்பிடிக்கட்டும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். பிறகு யோசித்தேன். உன் சந்தேகம் முழுப் பொய்யா? இல்லை. அறைக்குப் புதுக் கட்டில் வாங்கியபோது என் மகள் படுப்பாள் என்று நினைத்துத்தான் வாங்கினேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், நினைத்தேன். ஆனால் இயந்திரம் அதற்காக இல்லை. நாம் இருவரும் கை ரத்தம் வரத் துருவி வறுத்த காரியைக் கொமி விற்றுவிட்டு வருவார். என் பங்கைக் கேட்டதற்கு என்ன கிடைத்தது என்று உனக்கே தெரியும், நீதானே மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டாய்? என் உழைப்பின் காசு என் கையில் இல்லாத ஊரில் இருக்க முடியாமல்தான் ஓடினேன். பிள்ளையோடு ஓடியிருந்தால் தேடி வந்து பிடித்திருப்பார்கள்.

செத்த வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாய். ஓடிப் போன இளையவள், மூத்தவள் கூப்பிடாமல் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. நீ கூப்பிடவில்லை.

அகோஃபா அந்தக் கட்டிலில்தான் படுக்கிறாள். வருடம் முடியும்வரை இங்கேயே இருப்பாள். உன் மகளை நீயே வைத்துக்கொள்.

எஸ்ஸி


அவெலி
1 அக்டோபர் 1984

தங்கை எஸ்ஸிக்கு,

பிழிபொறி வந்தது. அது கொட்டகையில் இறங்கியபோது எல்லோரும் பாடினார்கள். நான் மட்டும் மரவள்ளித் தோல் குவியல்மேல் உட்கார்ந்து அழுதேன். வெங்காயம் உரித்தேன் என்று சொல்லவும் அங்கே வெங்காயம் இல்லை.

மீன் மாட்டிக்கொண்டது என்று தெரிந்தால் அதன்பிறகு யாராவது புழு போடுவார்களா? அதைப் பார்க்கத்தான் அகோஃபாவுக்கு டெலாலி என்று பெயர் சொல்லி அனுப்பினேன். சங்கம் தேர்ந்தெடுத்தது உண்மையில் அவளைத்தான். பிள்ளை உன் கைக்கு வந்துவிட்டால் பொறி வராது என்று டோவியிடம் பந்தயமே கட்டினேன். நான் ஏமாற்றியது தெரிந்த பிறகும் பொறியை அனுப்பினாய், மகளையும் கேட்கவில்லை. தோற்றேன். தோற்றதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று தெரியாது. ஆனால் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. பயம் இருக்கிறது.

கொமி உன்னை அடித்தபோது நான் பத்துப் போட்டேன், தடுக்கவில்லை. அதைப் பேச உட்கார்ந்தால் இந்தத் தாள் போதாது. நேரில் பேசுவோம்.

இந்தா, கூப்பிடுகிறேன். மூத்தவள் கூப்பிடுகிறேன், வா. பென்ஸ் கார் ஓடைக்கு இந்தப் பக்கம் வராது. இறங்கி நடந்து வா.

பெற்றவள் நீ என்று டெலாலியிடம் சொல்லிவிட்டேன். என்னைத் தவிர வேறு யார் வாயிலிருந்தும் அவள் அதைக் கேட்கக் கூடாது என்று நானே சொன்னேன். கத்தவில்லை, அழவில்லை. எழுந்து போய் இயந்திரத்தைக் கழுவினாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள். அதன்பிறகு கூப்பிட்டால் வந்தாள், அம்மா என்ற சொல் மட்டும் வரவில்லை.

நேற்று மாலை அடுப்படியில் வந்து நின்றாள். "அம்மா, அவங்களுக்கு எந்தக் கொழம்பு புடிக்கும்?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும். சொல்லத்தான் மனசு வரவில்லை. நீயே வந்து அவளிடம் சொல்.

உன் மூத்தவள்
அப்லாவி