நீல யானை தளவாடம் அல்ல

அனுப்புநர்:
சோபா தைப்பவர்,
மருத்துவமனைப் பின்வாசலுக்கு எதிரில் உள்ள கடை.
(மாடியில்தான் வீடு. கடை பூட்டியிருந்தால் கீழே நின்று கூப்பிட்டால் போதும்.)

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
குழந்தைகள் மருத்துவமனை.

பொருள்: எலும்பு முறிவு வார்டுக் குழந்தைகள் விளையாடக் கொடுத்த நீல நிற யானைப் பொம்மை, தளவாடம் என்று கருதப்பட்டு ஸ்டோர் அறையில் வைக்கப்பட்டிருப்பது – அதை இந்த வாரத்துக்குள் வார்டுக்குத் திருப்பி அனுப்பக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்படி முகவரியில் சோபா, நாற்காலி, மெத்தை ஆகியவற்றைப் புதிதாகச் செய்தும், பழையவற்றைப் பிரித்துத் தைத்தும் பிழைப்பவன். இந்த மனுவில் யாரையும் குற்றம் சொல்வது என் நோக்கமல்ல. குற்றம் என்று பார்க்கப் போனால் அதில் பெரும்பங்கு என் கடைக்கே வந்து சேரும். ஆனாலும் ஒரு குழந்தையின் கால் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. நடந்ததை நடந்தபடியே கீழே எழுதுகிறேன்.

1. சென்ற மழைக்காலத்தில் தங்கள் பிசியோதெரபி அறையின் உடற்பயிற்சிப் பெஞ்சுகளுக்கு நீல ரெக்சின் மாற்றும் வேலையை எனக்குக் கொடுத்தீர்கள். அதற்காக வந்துபோனபோதுதான் எலும்பு முறிவு வார்டைப் பார்த்தேன். குழந்தைகள் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தூக்கி வைத்தபடி, மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். அவர்களுக்காக நல்ல மனதோடு பலர் பொம்மை கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் புசுபுசுவென்று முடி வைத்த கரடிகள். முடி வைத்ததைத் துடைக்க முடியாது, கிருமி தங்கிவிடும் என்று வார்டு நர்சம்மா பணிவாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் வாசல் வரை வந்த கரடி திரும்பிப் போவதைக் கட்டிலிலிருந்து பார்த்த முகங்களை என்னால் மறக்க முடியவில்லை. வீட்டில் போய்ச் சொன்னேன். நான் செய்தது அவ்வளவுதான். அதன் பிறகு நடந்ததெல்லாம் என் மனைவியின் கைங்கரியம்.

2. கடையில் வெட்டுவதும் தைப்பதும் என் மனைவி. துடைக்கிற மாதிரி பொம்மைதானே வேண்டும், வீட்டில் ரெக்சினுக்கா பஞ்சம் என்று கேட்டாள். பெஞ்சுக்கு வாங்கிய சுருளில் மிச்சம் இருந்தது. (அந்தச் சுருள் என் சொந்தக் கணக்கில் வாங்கியது. மருத்துவமனைச் சொத்து அல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.) அந்த மிச்சத்தில் முயல், ஆமை, மீன் என்று தைத்துக் கொடுத்தாள். அவை எல்லாம் இன்றும் வார்டில் நலமாக இருக்கின்றன. அவற்றைப் பற்றி எனக்கு எந்த வழக்கும் இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம். கடைசியாக ஒரு யானை செய்தே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

3. பழக்க தோஷம் என்பது இங்கேதான் குறுக்கே வந்தது. முயலுக்குப் பஞ்சு அடைத்தால் வேலை முடிந்தது. யானை பெரியது. பஞ்சு அடைத்து நிறுத்தியதும் நான்கு காலும் மடங்கிப் படுத்துவிட்டது. கடையில் மரச்சட்டம் அடிக்கும் என் மைத்துனர், அதாவது என் மனைவியின் அண்ணன், அதைப் பார்த்துச் சிரித்தார். சிரித்த கையோடு சட்டம் அடிக்க உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கச் சோபாவைத் தவிர வேறெதுவும் செய்தறியாதவர்கள் யானை செய்தால் எப்படி இருக்குமோ அப்படி ஆனது. உள்ளே மரச்சட்டம். முதுகில் ஸ்பிரிங், அதன் மேல் ஃபோம். தரையில் வழுக்கக் கூடாதென்று பாதங்களுக்கு அடியில் ரப்பர். தும்பிக்கையைத் தொங்கவிட்டால் பிள்ளைகள் பிய்த்துவிடுவார்கள் என்று உள்ளே கம்பி கொடுத்து, மேலே வளைத்து, நெற்றியோடு சேர்த்து இரட்டைத் தையல் போட்டாள் என் மனைவி. எல்லாம் முடிந்த பிறகு, கடையை விட்டு வெளியே போகும் எந்தச் சாமானுக்கும் செய்வதுபோல, வயிற்றுக்கு அடியில் எங்கள் கடை லேபிளையும் வைத்துத் தைத்துவிட்டாள். அந்த லேபிளில் 'உறுதியான இருக்கை' என்று அச்சிட்டிருக்கும். அன்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

4. யானை வார்டுக்குப் போன புதிதில் அதை யாரும் சட்டை செய்யவில்லை. தூக்கி மடியில் வைத்துக்கொள்ள முடியாத பொம்மை குழந்தைகளுக்கு எதற்கு? என் மனைவிக்கு முகம் வாடிப் போயிற்று. மைத்துனர் மட்டும் ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

5. ஐயா, இனி எழுதுவதைத் தயவுசெய்து நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். அந்த வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு சிறுமி இருக்கிறாள். இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. எல்லாரும் அவளை 'மேனேஜர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். யார் மருந்து குடிக்காமல் ஏமாற்றினார்கள், யாருடைய அப்பா இன்னும் வந்து சேரவில்லை, எந்த டாக்டர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறார் என்பதெல்லாம் அவள் பொறுப்பில் இருப்பதால் அந்தப் பெயர். சாலை விபத்தில் தொடை எலும்பு முறிந்து நெடுநாள் மாவுக்கட்டில் கிடந்தவள். கட்டுப் பிரித்த பிறகு காலைத் தரையில் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஊரையே அதட்டுகிற அந்தப் பிள்ளை, வாக்கரைக் கண்டால் போர்வைக்குள் போய்விடும். பிசியோதெரபி அம்மா கெஞ்சியும் பார்த்தார், கொஞ்சியும் பார்த்தார். ஒரு நாள் காலையில், தரை துடைக்கும் அம்மா யானையை நகர்த்தி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனார். மேனேஜர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே, கட்டிலை விட்டு இறங்கி நின்றுவிட்டாள். ஓடிவந்த பிசியோதெரபி அம்மாவிடம் அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தம்பிக்குத் தனியா நிக்க பயமா இருக்கு. நான் பிடிச்சுக்கறேன்."

அன்றிலிருந்து யானைக்குத் தம்பி என்று பெயர். தினமும் அவள் தம்பிக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தாள். காலை எப்படி ஊன்ற வேண்டும், வலித்தால் எப்படிப் பல்லைக் கடிக்க வேண்டும் என்பதையெல்லாம் பிசியோதெரபி அம்மா அவளிடம் சொல்ல, அவள் தம்பியிடம் சொல்லி, தானே செய்தும் காட்டினாள். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் தம்பியிடம் வந்து நின்றார்கள். சாய்ந்தால் நகராத பாதம், பிடித்துக்கொள்ள வாகான தும்பிக்கை, களைத்தால் உட்கார முதுகு. இதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை. சோபா செய்யத் தெரிந்தவர்கள் யானை செய்ததால் வந்த வினை, நல்லதாக அமைந்துவிட்டது. என் மனைவி இதைக் கேட்டபோது தையல் மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள்.

6. சென்ற வாரம் தங்கள் மருத்துவமனையில் வருடாந்திர இருப்புச் சரிபார்ப்பு நடந்தது. ஸ்டோர் கீப்பர் ஐயா கண்ணும் கருத்துமாக வேலை பார்ப்பவர். வார்டுக்கு வந்த இடத்தில் யானையைக் கண்டார். பெஞ்சில் உள்ள அதே நீல ரெக்சின். கவிழ்த்துப் பார்த்தார். கடை லேபிளைப் படித்தார். கணக்கில் வராத தளவாடம் என்று எழுதி ஸ்டோருக்கு எடுத்துப் போய்விட்டார். தளவாடம் என்று முடிவானதால் முறைப்படி பின்னங்காலில் வெள்ளைப் பெயிண்டில் எண்ணும் போட்டாயிற்று. எழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

7. நான் ஸ்டோருக்குப் போய் அவரைப் பார்த்தேன். மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். என் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது இதுதான்: "நாலு கால் இருக்கு. உட்கார முடியுது. இருக்கைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நான் வேற என்னன்னு எழுதட்டும், சொல்லுங்க." தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மைத்துனர், நியாயமான கேள்விதானே என்றார். அதிலிருந்து என் மனைவி அவருக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஸ்டோர் விதிப்படி, வெளியார் தரும் தளவாடத்தை ஏற்கக் குழு கூட வேண்டுமாம். குழு கூடுமுன் வேறு கடைகளிலும் அதே சாமானுக்கு விலை கேட்டுவந்து காட்ட வேண்டுமாம். இலவசமாகக் கொடுத்த யானைக்கு விலை கேட்டு நான் இரண்டு சோபா கடைகளுக்கு ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் என் உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார். மற்றவர், ஒருவர் உட்காரும் யானையா மூவர் உட்காரும் யானையா என்று கேட்டார். குழு அடுத்த மாதம்தான் கூடும் என்று தெரிகிறது.

8. அடுத்த மாதம் வரை பொறுக்க முடியாததற்குக் காரணம் உண்டு. தம்பியை எடுத்துப் போன நாளிலிருந்து மேனேஜர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. யாரையும் அதட்டுவதும் இல்லை. இந்த வாரமும் நிற்காவிட்டால் முழங்கால் இறுகிவிடும், பிறகு மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்கிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று பிசியோதெரபி அம்மா என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். அந்தக் குழந்தையின் தாய் வேலைக்கும் போக முடியாமல் வார்டுக்கும் வராந்தாவுக்குமாக நடந்துகொண்டிருக்கிறார்.

9. புதிதாக ஒன்று செய்து கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். செய்தோம். அதே ரெக்சின், அதே ரப்பர், அதே தும்பிக்கை, லேபிள் மட்டும் இல்லாமல். நானே சுமந்துகொண்டு போய்க் கட்டிலோரம் வைத்தேன். மேனேஜர் அதை மேலும் கீழும் பார்த்தாள். எங்கள் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருப்பாள் போல, மெதுவாகத்தான் சொன்னாள்: "இவன் நல்லா இருக்கான். ஆனா இவனுக்குப் பயமே இல்ல. நான் எதுக்கு?" புது யானையை மறுபடி கடைக்கே தூக்கி வந்துவிட்டேன்.

மேற்கண்டவற்றை உத்தேசித்து, தாங்கள் கருணை கூர்ந்து பின்வருமாறு உத்தரவிட வேண்டுகிறேன்:

(அ) பழைய யானை உட்காரக்கூடியதாக இருப்பினும் அது பொம்மையே என்று ஏற்று, இந்த வாரத்துக்குள் வார்டுக்கு அனுப்ப வேண்டும். பின்னங்காலில் உள்ள எண்ணை அழிக்க வேண்டாம். அது தம்பிக்குப் போட்ட ஊசி மருந்தின் அடையாளம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது என் மனைவியின் யோசனை.

(ஆ) இதனால் ஸ்டோர் கீப்பர் ஐயாவின் கணக்கில் ஒரு இருக்கை குறையக் கூடாது. அவர் நேர்மையானவர், குறைந்தால் அவருக்குத் தூக்கம் வராது. எனவே கடையில் இருக்கும் புது யானையில் எங்கள் லேபிளைத் தைத்து, அதே எண்ணையும் எழுதி, இருக்கையாகவே ஸ்டோரில் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். நான் போயிருந்தபோது அவருடைய குடை பழைய யானையின் தும்பிக்கையில் தொங்கியது. புது யானைக்கும் தும்பிக்கை உண்டு.

(இ) கடைசியாக ஒன்று. இதை மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் எழுதுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். நேற்று நான் வார்டை விட்டுக் கிளம்பும்போது மேனேஜர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "தம்பியை அங்க யாரு பிடிச்சுக்கறாங்க?" என்று கேட்டாள். ஸ்டோர் மாமா பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அவள் அதை நம்பினாள். நம்பி, அன்று காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்த சாப்பாட்டையும் சாப்பிட்டாள். ஆகவே தங்கள் உத்தரவு வரும்வரை, ஸ்டோர் கீப்பர் ஐயா அந்தப் பக்கம் போகும்போதும் வரும்போதும் தும்பிக்கையின் மேல் கொஞ்ச நேரம் கை வைத்துவிட்டுப் போக வேண்டும். பெரிய வேலை அல்ல. நான் ஒரு குழந்தையிடம் சொன்ன சொல் பொய்யாகாமல் இருக்கும்.

தங்கள் பதிலுக்காக நாங்கள் மூவரும், ஜன்னலோரக் கட்டிலில் ஒருத்தியும் காத்திருக்கிறோம்.

இடம்: கடை
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சோபா தைப்பவர்
(கையொப்பம்)

இணைப்பு: புது லேபிள் ஒன்று. 'பொம்மை' என்று என் மனைவி கையால் தைத்தது. அனுமதி கிடைத்தால் ஊசி நூலோடு அவளே ஸ்டோருக்கு வந்து, பழைய லேபிளைப் பிரித்துவிட்டு இதைத் தைத்துக் கொடுப்பாள். தைக்கும் நேரம் முழுக்க யானையை என் மைத்துனர் பிடித்துக்கொள்வார்.