விமானத்துக்கு அசையாத நாய்

செம்பாக்கம்,
புதன்கிழமை.

அன்புள்ள என் கணவர் காலேப் அவர்களுக்கு,

ஜோசலின் எழுதுகிறேன். பெயரைப் போட்டு, 'அவர்களுக்கு' என்றும் போட்டிருக்கிறாளே, ஏதோ வம்பு என்று நினைத்திருப்பீர்கள். சரியாகத்தான் நினைத்திருக்கிறீர்கள். ஆண்டவர் கிருபையில் நான் சுகம். பவளமும் நாய்க்குட்டிகள் ஆறும் சுகம். மஸ்கட்டில் இப்போதே வெயில் கொளுத்துகிறது என்று சாலமன் தம்பி சொன்னார். தலையில் ஈரத்துண்டு போடாமல் மொட்டை மாடிக்கு ஏசி ரிப்பேருக்குப் போகாதீர்கள். தம்பிக்கு லீவு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம். நார்த்தங்காய் ஊறுகாயும் கொஞ்சம் கைமுறுக்கும் அவர் கையில் கொடுத்திருக்கிறேன். கூடவே இந்தக் கடிதத்தையும்.

போனில் சொல்ல மாட்டாயா என்று கேட்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீங்கள் சொல்லி முடித்துவிடுகிறீர்கள். அதற்கும் மேல் பேசினால் சிக்னல் இல்லை என்கிறீர்கள். காகிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. முறுக்கைச் சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து, கடைசி வரை படியுங்கள்.

வீட்டில் பெரிய செய்தி ஒன்றும் இல்லை. போர் மோட்டார் மறுபடி மக்கர் செய்து, ஆள் வந்து சரி செய்துவிட்டுப் போனார். ஏரியில் தண்ணீர் நன்றாகக் குறைந்துவிட்டது. சபையில் உங்களை விசாரிக்காதவர்கள் இல்லை. குட்டிகள் தாய்ப்பாலை விட்டுவிட்டன. நான் எங்கே நடந்தாலும் ஆறும் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே வருகின்றன. ஒரு சேலை போய்விட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தாம்பரம் ஏர்போர்ஸ் விமானம் நம் வீட்டு மேல் தாழப் பறந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும், தெரியும்தானே. குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தூங்கும்போது அந்தச் சத்தம் வந்தால் எல்லாம் திடுக்கிட்டு எழுந்துவிடும். எல்லாம் எழுகிறது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ரோஸ் மூக்குக் குட்டி சேற்றில் புரண்டு வந்தது. அதை மட்டும் குளிப்பாட்டி, அடுப்படியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன். குக்கர் அதன் தலைமாட்டில் விசில் அடித்தது. அசையவில்லை. தட்டு கைதவறி விழுந்தது. அதற்கும் அசையவில்லை. செத்துப்போச்சோ என்று பதறிப்போய்க் கையை வைத்தேன். துள்ளி எழுந்து என் விரலைக் கடித்து விளையாடியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூட்டத்தில் படுத்திருக்கும்போது மற்றவை எழுந்து இடிப்பதால் இதுவும் எழுகிறது. கை தட்டினால் மற்றவை ஓடுவதைப் பார்த்து இதுவும் ஓடுகிறது. அதற்குக் காது கேட்கவில்லை.

அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்தேன். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஒரு குட்டிக்குக் காது கேக்கலைங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எந்தக் குட்டி என்று சொல்லவில்லை. நீங்கள் உடனே, "ரோஸ் மூக்குதானே?" என்றீர்கள்.

பிறகு, "அதைத்தான் வெற்றிவேல் மச்சானுக்குச் சொல்லியிருக்கேன், சீக்கிரம் கொடுத்து அனுப்பிடு" என்றீர்கள். அப்புறம் சிக்னல் போய்விட்டது.

நான் டாக்டர் கீதாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர்கள் குட்டிக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார்கள், தகர டப்பாவைத் தட்டினார்கள், விசில் ஊதினார்கள். அது என் சேலைப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு காதும் கேட்கவில்லை என்றார்கள். ராஜபாளையத்தில் துளி கறுப்பில்லாத வெள்ளைக்கும் ரோஸ் மூக்குக்கும் இந்தக் குறை வரலாம், எல்லாவற்றுக்கும் வராது, ஆனால் அப்படிக் குட்டி போட்ட தாயிடம் மறுபடி குட்டி எடுக்கக் கூடாது என்றார்கள். மனிதர்கள் எதை அழகு என்று ஆசைப்பட்டுக் கேட்கிறார்களோ, அதிலேயே குறையும் ஒளிந்திருக்கிறது.

சனிக்கிழமை வெற்றிவேல் வந்தார். இரும்புலியூரில் செங்கல், மணல், ஜல்லி என்று அவருக்கு வியாபாரம் பெருகிவிட்டது, பெரிய கார். மகள் அனுப்பிரியாவும் கூட வந்தாள். அந்தப் பெண் நேராகப் போய் ரோஸ் மூக்கைத்தான் தூக்கினாள். யார்தான் தூக்க மாட்டார்கள்? அத்தனை அழகு. நான் குட்டியை வாங்கித் தரையில் விட்டு, பின்னால் குக்கர் மூடியைப் போட்டேன். மற்றவை சிதறி ஓடின. இது அங்கேயே உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. இதற்குக் காது கேட்காது, உங்கள் வீடு லாரி ஓயாத ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி இருக்கிறது, இதை உங்களுக்குத் தர மாட்டேன், காதில் கறுப்புப் புள்ளி உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா பேஜார் பண்றே? உன் வூட்டுக்காரரு போன்ல, இது உனக்குன்னே வச்சிக்கீறேன் மச்சான்னு சொன்னாரு. நீ இன்னாடான்னா இப்போ இப்டி சொல்லிகினு கீறே" என்று கத்தினார். அந்தப் பெண் அழுதாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுக்கவில்லை. கேட் வரை போனவர் திரும்பி நின்று, கோபம் இல்லாமல் ஒன்று கேட்டார்: "போன தபா போட்ட குட்டிங்கோ? அதுங்களுக்கெல்லாம் காது கேக்குதா?"

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. அவர் கேட்கும் வரை எனக்கு அது தோன்றவே இல்லை. கறுப்புப் புள்ளிக் குட்டி வேண்டுமா என்று வெற்றிவேல் இன்னும் பதில் சொல்லவில்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

அன்று சாயங்காலமே பவளத்தின் முதல் ஈற்றில் குட்டி வாங்கியவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். பெயரைச் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன். சிலர் சிரித்தார்கள். எல்லாக் குட்டிக்கும் கேட்கிறது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அச்சுதன் சாருக்கு மட்டும் போன் செய்யவில்லை. அவரிடம்தான் நாய் இல்லையே, என்ன சொல்லிக் கேட்பது? திங்கட்கிழமை பஸ் பிடித்துத் தாம்பரம் போய், ரயிலேறிப் பல்லாவரத்துக்கு நேரிலேயே போய்விட்டேன்.

ஐடிஐயில் உங்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் என்று அந்த ஈற்றிலேயே அழகான ரோஸ் மூக்குக் குட்டியை அவருக்குத்தான் கொடுத்தீர்கள். மாறன் என்று பெயர் வைத்தார். போன வருஷம் நீங்கள் லீவில் இருக்கும்போதுதான் அது லாரியில் அடிபட்டது.

சார் இளைத்துவிட்டார். அவர் வீட்டம்மா காமு அக்கா காபி கொடுத்தார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சார் எழுந்து போய் வாசல் கேட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனார். கேட்டில் உயரத்தில் புதுத் தாழ்ப்பாள் வைத்து, அதற்கு மேல் கம்பியும் சுற்றியிருக்கிறார். அவர் எழுந்து போனபோது காமு அக்கா மெதுவாகச் சொன்னார்கள்: "மாறன் போனதிலிருந்து இப்படித்தான் ஜோசலின். போய்ப் போய்ப் பார்க்கிறார். உள்ளே ஒண்ணுமே இல்லை, எதைப் பூட்டுறார்னு எனக்கே தெரியலை."

அப்போது தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. அங்கேதான் சக்கரம் மாடியைத் தொட்டுவிடும் போல வருமே, பேச்சே கேட்கவில்லை. சத்தம் அடங்கியதும் சார் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "இந்தச் சத்தத்துக்குத் தெருவிலே எல்லா நாயும் ஊளையிடும்மா. மாறன் அசைய மாட்டான். அவ்வளவு தைரியம். ராஜபாளையம்னா சும்மாவான்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்" என்றார்.

நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு அவராகவே சொன்னார். "கேட்டைச் சரியாச் சாத்தாதது என் தப்பும்மா. ஆனா லாரிக்காரன் எவ்வளவு ஹாரன் அடிச்சான்! நான் ஓடிக்கிட்டே மாறா, மாறான்னு கத்தினேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தாப் போதும். பார்க்கலை. அன்னிக்குக் காலையிலே செருப்பைக் கடிச்சதுன்னு அதை ஒரு அடி அடிச்சிருந்தேன். அந்தக் கோபத்தோடவே போயிடுச்சு."

ஒரு வருஷமாக அந்த மனுஷர் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அங்கேயே சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. அதற்குள் அவர், "காலேப்தான் ஓடி வந்து குழி வெட்டினான். என்னைவிட அவன்தான் அழுதான். பெத்த பிள்ளை மாதிரி" என்றார். ஏதோ சொல்லி எழுந்து வந்துவிட்டேன். ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அன்று நீங்கள் குழி வெட்டிவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்தது எனக்கு நினைவிருக்கிறது. இளகிய மனசு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, அடுத்த ஈற்றுக்குப் பவளத்தை இணை சேர்க்கக் கொண்டுபோவது பற்றிப் பேசும்போது எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தீர்கள். குட்டி பார்க்க வருகிறவர்களுக்குத் தனித்தனியாகத் தூக்கிக் காட்டாதே, எல்லாவற்றையும் சேர்த்தே காட்டு, தனியாக எடுத்தால் குட்டி மிரளும் என்றீர்கள். குட்டிகள் மேல் எவ்வளவு அக்கறை என்று அதையும் நம்பினேன். நான் ஒரு பைத்தியக்காரி.

அச்சுதன் சாருக்குக் கொடுக்கும்போது உங்களுக்குத் தெரியாது. இதை நான் முழுசாக நம்புகிறேன். குரு தட்சிணை மாதிரி நினைத்து, பொட்டலமாகத் துண்டில் சுற்றிக்கொண்டு போனீர்களே, தெரிந்திருந்தால் அந்த முகம் அப்படி மலர்ந்திருக்காது. ஆனால் குழி வெட்டும்போது? அதை நான் கேட்கப் போவதில்லை. என்னிடம் பதில் சொல்லவும் வேண்டாம்.

நம் வீட்டுக்கு எத்தனை பேர் குட்டிக்காக வந்திருப்பார்கள்! ஐம்பது நாள் ஆகாமல் தர மாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். தாயைப் பார்க்காமல் குட்டியைத் தூக்காதே என்று வாங்க வந்தவர்களுக்கே புத்தி சொல்லியிருக்கிறீர்கள். வளர்க்க முடியாமல் போனால் தெருவில் விடாதே, என்னிடமே கொண்டு வா என்று சொல்லி, அப்படி ஒருவர் கொண்டு வந்ததைத் திரும்ப வாங்கியும் இருக்கிறீர்கள். செம்பாக்கம் காலேப் வீட்டுக் குட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர்களுக்குத்தான் நாம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். அழகைக் காட்டுவதற்கு நாம் எதற்கு? அது தானே தெரியும்.

இரண்டு விஷயம் நானே முடிவு செய்துவிட்டேன். பவளத்துக்குப் பால் வற்றியதும் கருத்தடை ஆபரேஷன் செய்ய டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவள் குட்டி போட்டது போதும், இனி வீட்டில் சும்மா படுத்துக் கிடக்கட்டும். ரோஸ் மூக்கு நம் வீட்டிலேயே இருக்கும். அதை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. தரையைக் காலால் தட்டினால் அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்க்கிறது. கையைக் காட்டினால் ஓடி வருகிறது. நீங்கள் கோபப்பட்டால் பட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வரும்போது அது உங்களிடமும் ஓடி வரும், அப்போது பார்ப்போம் உங்கள் கோபத்தை.

மூன்றாவது விஷயம் உங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் மறுபடி பல்லாவரம் போகிறேன். அதற்குள் நீங்கள் அச்சுதன் சாருக்குப் போன் செய்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து காமு அக்கா கையைப் பிடித்துக்கொள்வேன். செய்யாவிட்டால், நானே சொல்லிவிட்டு வருவேன். ஆனால் நான் சொன்னால் அது செய்தி. நீங்கள் சொன்னால்தான் அவருக்கு அது போய்ச் சேரும். அவர் உங்களைத் திட்டலாம். போனை வைத்துவிடலாம். பெத்த பிள்ளை என்று சொன்ன வாயால் இனி அப்படிச் சொல்லாமலும் போகலாம். அதையெல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் உங்களை விட்டு எங்கேயும் போகப் போவதில்லை.

அவரிடம் அதிகம் பேச வேண்டாம். அந்த அடிக்காக மாறன் கோபித்துக்கொண்டு போகவில்லை சார், நீங்கள் கூப்பிட்டது அதற்குக் கேட்கவே இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். அந்த மனுஷர் கேட்டைப் பூட்டப் போகாமல் ஒரு வாய் காபியை முழுசாகக் குடிக்கட்டும்.

உங்களைக் காக்கிற தேவன் உறங்குகிறவர் அல்ல. அவர் உங்கள் வாயைத் திறப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்
ஜோசலின்