மாவுக்கட்டுப் பிரிக்கும் வெள்ளிக்கிழமை

நாரணாபுரம்,
6-9-1963

அன்புள்ள அம்மாவுக்கு, சவரிராஜ் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா? இரண்டு மாதமாகக் கடிதம் இல்லையே என்று தவித்திருப்பீர்கள். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இடது கையால் எழுதுகிறேன்.

வைகாசியில் கிணற்றடியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். சுளுக்கு என்று நினைத்து, எண்ணெய் போட்டு உருவிவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். தீபாவளி ஆர்டர் நேரம். ஆனிக் கடைசியில், பட்டாசு மருந்து சலிக்கும்போது சல்லடை கைநழுவியது. தரையில் உரசியிருந்தால் அறையே எரிந்திருக்கும். மேஸ்திரி கண்ணுச்சாமி அண்ணன் பாய்ந்து பிடித்தார்.

"ஏலே, இந்தக் கையோடயா மருந்துக்கிட்ட வந்தே? எங்களையும் சேத்து மேல அனுப்பப் பாத்தியா?" என்று திட்டிவிட்டு, அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

மணிக்கட்டில் சின்ன எலும்பு முறிந்திருக்கிறதாம். உடனே வந்திருந்தால் ஒட்டியிருக்கும், இனிமேல் பார்க்கலாம் என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டுவிட்டார் டாக்டர். அந்தப் 'பார்க்கலாம்' என்னை விடவே இல்லை. கட்டுக்குள் கட்டைவிரலை அசைத்து அசைத்துப் பார்க்கிறேன். அசைகிறதா என்று எனக்கே தெரியவில்லை.

வேலை போகவில்லை. பெண்களோடு உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறேன். "அப்படியே பூக்கட்டவும் பழகிக்கோங்க அண்ணாச்சி" என்கிறாள் ராக்காயி.

பொத்தான் போட முடியவில்லை. தலைவழியே மாட்டும் அப்பாவின் பழைய ஜிப்பா இருந்தால் வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை கட்டைப் பிரிக்கிறார்கள். இந்த மூச்சிரைப்போடு நீங்கள் பஸ் ஏற வேண்டாம். ஜிப்பாவைத் தபாலிலும் போட வேண்டாம். தம்பி நேசகுமாரிடம் கொடுத்து, வியாழக்கிழமையே வந்துவிடச் சொல்லுங்கள்.

தபால்காரர் நிற்கிறார்.

உங்கள் மகன்,
சவரிராஜ்