வாத்துக் குரல்

என்னங்க,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் முழித்திருப்பதாக நர்ஸ் சொன்னார். கீழே பார்வையாளர் கூடத்தில் உட்கார்ந்து எழுதி, அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

ஆபரேஷனில் கழுத்தெலும்பை இணைத்த அன்று சாயங்காலம் உங்கள் குரல் கரகரத்தது. போனில் பாப்பா, "அப்பா வாத்து மாதிரி பேசறாரு, இன்னொரு தடவை" என்று கேட்டாள். நீங்களும் அவளுக்காகப் பேசிக்காட்டினீர்கள். பக்கத்திலிருந்த நானும் சிரித்தேன். தொண்டைக்குள்ளே வீங்கிக்கொண்டிருந்தது நம் யாருக்கும் தெரியவில்லை. "மூச்சு முட்டுதுடி" என்று என் கையைப் பிடித்தபோதுதான் சிரிப்பு நின்றது.

நாளைக் காலை மூச்சுக்காக வாயில் போட்டிருக்கும் குழாயை எடுத்துப் பார்ப்பார்களாம். மறுபடி திணறினால் தொண்டையில் துளை போட வேண்டுமாம். "அவரையே கேளுங்கம்மா, நினைவோடதானே இருக்காரு" என்றார் டாக்டர். அதைக் கேட்கத்தான் சாயங்காலம் உள்ளே வந்தேன். ஆனால் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனேன்.

பாப்பா சித்தி வீட்டில் தூங்க மறுக்கிறாளாம். "வாத்து எப்பம்மா பேசும்?" என்கிறாள். வாத்துக்குத் தொண்டை வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

குரல் எப்படி வந்தாலும் சரி, வராமலே போனாலும் சரி, நீங்கள் இருந்தால் போதும் எனக்கு. துளைக்குச் சம்மதம் சொல்லட்டுமா? நர்ஸ் பேனா தருவார். விடிவதற்குள் பதில் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி