கரையடியில் பிடித்த தண்ணீர்

அக்கா,

போர்வைக்குள் அம்மாவின் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா பக்கத்தில்தான் தூங்குகிறாள். பேனா கீறும் சத்தம்கூடப் பயமாக இருக்கிறது.

ஜன்னல் திட்டில் என் பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில் நிற்கிறது. சற்றுமுன் மூடியைத் திறந்தேன். நனைந்த கல்தூள் வாசனை. வேலை முடிந்து வந்து நீ துப்பட்டாவை உதறும்போது வீடு முழுக்க வருமே, அதே வாசனை.

கல் உடைக்கும் கிரஷரில் மணல் கழுவிய சேற்றுத் தண்ணீரைத் தேக்கும் குட்டை. அதன் கரையைப் பார்த்துக்கொள்வது உன் வேலை. பெருமழை விட்டதும் ஸ்கூட்டியில் கிளம்புவாய். பள்ளி விடுமுறை என்றால் நானும் தொற்றிக்கொள்வேன். நீ பார்த்த கடைசிப் புயல் மாமல்லபுரம் பக்கம் அடித்து ஓய்ந்த மறுநாளும் அப்படித்தான் போனோம். கரையின் வெளிச்சரிவு முழுக்க மழை அரித்த பள்ளங்கள்.

"இன்னாக்கா, பூனை பிறாண்டின மாரி கீது?"

"பூனை இல்லடி, புலி. உள்ள காலு பூடும், தள்ளி வா."

மேனேஜர் குடையோடு வந்தார். "இன்னாமா, ரெண்டு லோடு கல்தூளு கொட்டி மூடுனா முடிஞ்சிது. இதுக்குப் போயி பேஜார் பண்ணிகினு கீற!"

"கல்யாணப் பொண்ணுக்குப் பவுடர் பூசலாம் சார், கரைக்குப் பூசலாமா? அடுத்த மழையில கரைஞ்சி பூடும். களிமண்ணு கொட்டி இடிச்சி இறுக்கணும்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் களிமண் வந்தது.

அன்று கரையடியில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்ததைப் பார்த்து நான் பயந்தேன். நீ இதே பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாய். கண்ணாடிபோல் இருந்தது.

"கசியறது தப்பில்ல. கலங்கலா வந்தாதான் ஆபத்து. உள்ள மண்ண அரிச்சிகினு வருதுன்னு அர்த்தம். அப்ப எவன்கிட்டயும் கேட்டுகினு நிக்காத. கீழ இருக்கறவங்கள எழுப்பு." பிறகு பாட்டிலை என்னிடம் நீட்டினாய். "குடிக்கிறியா?"

"அய்யே!"

அதற்கடுத்த கோடையில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து உன் செருப்பை நான்தான் பையில் போட்டு எடுத்துவந்தேன். மேனேஜர் இரக்கப்பட்டு அம்மாவுக்கு கிரஷர் கேன்டீனில் வேலை கொடுத்தார். உன் வேலைக்கு யாரையும் வைக்கவில்லை.

இப்போது அடித்த புயலுக்குப் பிறகு பள்ளங்களில் தூளைத்தான் கொட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கரை புதிதுபோல் இருக்கிறது. இன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் தர்ஷினியோடு அவள் வீடுவரை போனேன். கரைக்குக் கீழே முதல் வரிசையில் இருக்கிறதே, அந்த வீடுதான். கரையடியில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில். நான் குனிந்து பாட்டிலில் பிடித்தேன்.

"இன்னாடி, வூட்டுக்கு டீ வாங்கிகினு போறியா?" என்று தர்ஷினி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "வாய மூடு. இந்த வேலையும் பூட்டா எங்க போறது? பெரியவங்க பாத்துக்குவாங்க" என்றாள். அம்மா சொல்வதும் பொய்யில்லை. அந்த கேன்டீன்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதனால்தான் இத்தனை நேரம் உன்னிடம் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டிலின் அடியில் மண் படிந்துவிட்டது. மேலே இன்னும் தெளியவில்லை. கூரை ஷீட்டின் மேல் மறுபடியும் மழை விழத் தொடங்கிவிட்டது. நீ இருந்திருந்தால் இந்நேரம் எழுதிக்கொண்டிருக்க மாட்டாய். ஸ்கூட்டி சாவியைத் தேடிக்கொண்டிருப்பாய்.

ஸ்கூட்டியை விற்றுவிட்டோம், அக்கா. நீ சொன்னது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. இந்தப் போனில் தர்ஷினி அப்பாவின் நம்பரும் இருக்கிறது. முதலில் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி அம்மாவுக்குக் காட்டப்போகிறேன், நீ எனக்குக் காட்டியதுபோல. அவள் திட்டினாலும் சரி, அழுதாலும் சரி, அடுத்து தர்ஷினி வீட்டுக்குப் போன் போடுவேன்.

அம்மா புரண்டு படுக்கிறாள்.

எழுப்புகிறேன், அக்கா.